ஒருமனதாக

கரும்பலகையில் அந்த அமெரிக்க நாவலாசிரியனின் பெயரை எழுதக் கையைத் தூக்கியதும் பியூலாவுக்கு அந்தக் கை தன்னுடையது இல்லை என்று தோன்றியது. வலி எதுவும் இல்லை. தோளிலிருந்து விரல்வரை ஒரு கனம், அவ்வளவுதான், வேறு யாருடைய கையையோ தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. சாக்பீஸ் பலகையைத் தொடாமல் நின்றது. பின்னால் பெண்கள் நோட்டைப் பிரிக்கிறார்கள், யாரோ ஒருத்தி இருமுகிறாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் வகுப்பு, பியூலா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை, அறை முழுக்கப் புளிக்குழம்பும் அப்பளமும் கலந்த வாசனை, மேலே மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி இறைக்கிறது. எழுது. வருஷா வருஷம் எழுதுகிற பெயர்தானே. எழுதினாள், எழுத்து சாய்ந்து கீழே இறங்கிவிட்டது. அதற்கடியில் தலைப்பு: தூய்மைவாதிகளைப் பற்றிய அவனுடைய புனைவுகள், அவற்றின் கருப்பொருள்கள், அவனைப் பாதித்தவை. பரீட்சைக்குத் தவறாமல் வருகிற கேள்வி, கவனமாகக் கேளுங்கள் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே திரும்பியபோது கண் எங்கே போகக்கூடாதோ அங்கேயே போயிற்று. ஜன்னலோர பெஞ்சில் ஷெர்லின் உட்கார்ந்திருந்தாள். வரமாட்டாள் என்று பியூலா நினைத்திருந்தாள். காலையில் பஸ்ஸில் வரும்போது, பிள்ளைக்கு இன்றைக்கு மனசு இருக்காது, வீட்டில் அம்மாகூட இருக்கும் என்று அனுதாபத்தோடுதான் நினைத்தாள். அனுதாபமா அது. வராமல் இருந்தால் எனக்கு நல்லது என்று நினைத்தாய். சரி, நினைத்தேன். ஷெர்லின் தலையை நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள், நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள், நேற்றுச் சபைக் கோவிலில் அவள் அம்மாவின் பெயரை வாசித்த காதுகளும் அந்தத் தலையில்தான் இருந்தன. இல்லை, வாசித்தது வாய், கேட்டது காது. எதையும் ஒழுங்காக நினைக்க முடியவில்லை.

வாய் மட்டும் தன்பாட்டுக்கு ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. தூய்மைவாதிகள் என்றால் கடல் தாண்டிப் போய் அமெரிக்காவில் குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவர்கள், வேதம்தான் சட்டம், அடுத்தவன் பாவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஊரின் கடமை. இந்த எழுத்தாளன் அவர்களுக்குப் பல தலைமுறை பின்னால் வந்தவன், ஆனாலும் அவர்களைவிட்டு அவனால் வெளியே வரமுடியவில்லை, ஏனென்றால் அவன் முன்னோரில் ஒருவர் சூனியக்காரிகள் என்று பெண்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருத்தர். அந்தப் பழி தன் ரத்தத்தில் இருப்பதாக நம்பினான். குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்துக்கொண்டதுகூட அந்த முன்னோரிடமிருந்து விலகத்தான் என்பார்கள். இந்த இடத்தில் பெண்கள் எப்போதும் லேசாகச் சிரிப்பார்கள். இன்றைக்கும் சிரித்தார்கள். ஒரு எழுத்து. ஒரு எழுத்தைச் சேர்த்தால் போய்விடுமா என்று வருஷா வருஷம் அவளே கேட்டு அவளே நிறுத்துவாள், அந்த இடைவெளியில் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அது அவளுக்குப் பிடிக்கும். அப்படி நிறுத்தும்போதெல்லாம் கோவில் சுவரில் பதித்திருக்கிற வெள்ளைப் பளிங்குக் கல் ஞாபகம் வந்ததே இல்லை, இன்றைக்கு வருகிறது. உபதேசியார் வேதமாணிக்கம், உண்மையும் உத்தமமுமான ஊழியக்காரன். அவளுடைய அப்பாவின் தாத்தா. ஒரு பெண்பிள்ளை, ஞானஸ்நானம் வாங்கி ரொம்ப நாள்கூட ஆகவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று இருட்டோடு போய்ச் சுடலைமாடன் பீடத்தில் திருநீறு வாங்கிவந்துவிட்டாள். உபதேசியார் அவளைக் கோவில் வாசற்படியில் நிறுத்தினார். ஆராதனைக்கு வருகிற எல்லோரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும், அவள் தப்பென்று சொல்கிறவரை உள்ளே வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து நின்றாளாம், வாயைத் திறக்கவே இல்லையாம், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை படி காலியாக இருந்ததாம். அதற்கப்புறம் ஊரில் ஒருத்தன் மாடன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்று அப்பா கதையை முடிப்பார், கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பெருமையாக. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதாப்பா என்று பியூலா ஒருதடவை கேட்டாள். சின்னப்பிள்ளை அப்போது. அப்பா யோசித்துப் பார்த்தார். அது தெரியாது, ஏன் கேக்கே என்றார். அந்தப் பெண்ணின் பெயரும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. உபதேசியாரின் பெயர் பளிங்கில் இருக்கிறது. பியூலாவின் பெயரும் எங்காவது இருக்கும், சபைக் கமிட்டித் தீர்மானத்துக்குக் கையைத் தூக்கினவர்களோடு. இல்லை, பெயர்கள் இருக்காது. ஒருமனதாக என்றுதான் இருக்கும். எல்லாப் பெயரையும் கழுவிவிடுகிற ஒரு வார்த்தை.

அடுத்தது மறைக்கப்பட்ட குற்றம் என்றாள் வகுப்பிடம். அவன் கதைகளில் வெளியே தெரிந்த பாவத்தைவிட உள்ளே ஒளித்த பாவம்தான் ஆளை அரிக்கும், எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டார்கள். ஷெர்லினின் அம்மா ரஞ்சிதம் ஒரு மழைநாளில் வந்தாள், ஐப்பசி, குடையை வெளியே விரித்து வைத்துவிட்டு நேரே அடுக்களைக்குள் வந்தாள், பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடி எத்தனையோ வருஷம், இரண்டு பேரும் ஆல்டோ குரல், ரஞ்சிதத்தின் புருஷன் இறந்தபோது இரண்டு ராத்திரி அவளைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது பியூலாதான். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முருகேசன் என்று ஒருத்தர், எங்க பள்ளிக்கூடத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்க வருகிற எலெக்ட்ரீஷியன், மனைவி இல்லை, நல்ல மனுஷர், கேட்கிறார், எனக்கும் சம்மதமாத்தான் இருக்கு, ஆனால் அவர் நம்ம வேதம் இல்லை, மாறவும் மாட்டேங்கிறார், மாறச் சொல்ல எனக்கும் வாய் வரல்லை. இதைச் சொல்ல அவளுக்கு ஒரு முருங்கைக்கீரைக் கட்டு முழுக்க உருவவேண்டியிருந்தது. கீரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள், சபை என்ன சொல்லும்க்கா. அப்போது பியூலா சொன்னாள். அந்த வாக்கியம் இப்போதும் அப்படியே இருக்கிறது, அட்சரம் பிசகாமல். "சபையா ராத்திரி உன்கூட பேசிக்கிட்டு இருக்கப்போகுது? உன் மனசுக்குத் துரோகம் பண்ணாதே, ரஞ்சி. மற்ற எதுக்கும் மன்னிப்பு உண்டு." சொல்லும்போதே நன்றாக இருந்தது. இது எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியும், இந்த அறையிலிருந்து, இந்த மேடையிலிருந்து, வருஷம் முழுக்கப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி நாக்கில் வழவழப்பாகிவிட்ட வாக்கியம். ரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள், கண் நிறைந்திருந்தது. நம்பிவிட்டாள். ஒருத்தர் சொன்னதை அவரே நம்புகிறாரா என்று கேட்கத் தெரியாத பெண். தை மாசத்தில் தூத்துக்குடியில் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள், மத்தியானச் சாப்பாடு பியூலா வீட்டில். கதவைச் சாத்திவைத்துக்கொண்டுதான். தெருவில் வெயில் பாருங்க, அனல் அடிக்கு என்று சொல்லிக்கொண்டே சாத்தினாள். தை மாசத்தில் என்ன அனல். அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டும். பிரியாணியும் சேமியாப் பாயாசமும், ரஞ்சிதத்துக்குப் பிச்சிப்பூ அவளே வைத்துவிட்டாள், ஷெர்லின் வெட்கப்பட்டுக்கொண்டே அம்மாவுக்குப் பரிமாறினாள். அந்த மனுஷர் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டுக் கைகழுவப் போன இடத்தில் அடுக்களை சுவிட்ச் பொறி விடுவதைப் பார்த்துவிட்டு, டீச்சர், ஒரு ஸ்க்ரூடிரைவர் தாரீங்களா என்றார், கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது தினமும் காலையில் மிக்ஸி போட அந்தச் சுவிட்சைத்தான் தட்டுகிறாள். பொறி வருவதில்லை.

குரல் நின்றுவிட்டதோ. இல்லை, நிற்கவில்லை, ஊரின் கண் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கதைகளில் கூட்டமே ஒரு பாத்திரம், அதற்கு ஒரே முகம். முகம் ஒன்றா என்ன. கல்யாணம் வெளியே தெரிந்து விசாரணை நடந்த அன்றைக்கு, அவளும் உறுப்பினராக இருந்த சபைக் கமிட்டி அறையில் ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத்தான் இருந்தது, நல்ல முகங்கள், பழகின முகங்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஹார்லிக்ஸ் வாங்கிவந்த முகங்கள். சபைப் போதகர் மாசிலாமணி ஐயர் ஜெபம்பண்ணித் தொடங்கிவைத்தார், அவருக்கே தொண்டை கட்டியிருந்தது. செயலாளர் பாக்கியநாதன் சட்டத்தைச் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, கடுமையாகச் சொல்லியிருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள். ரஞ்சிதத்துக்கு நாற்காலி போட்டார்கள், அவள் உட்காரவில்லை. எப்போதும் கோவிலுக்குக் கட்டுகிற அதே வெள்ளைப் புடவை. செய்தது தப்பென்று சபை முன்னால் எழுந்து சொல்லவேண்டும், முருகேசன் ஞானஸ்நானம் எடுக்கவேண்டும், அதுவரை திருவிருந்து கிடையாது, ஓய்வுநாள் பள்ளி கிடையாது, பாடகர் குழு கிடையாது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், சம்மதம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. பிறகுதான் பாக்கியநாதன் அந்தக் கேள்வியைக் கேட்டார். இது நீயாக எடுத்த முடிவாக இருக்காதும்மா, சபைக்குள்ளேயே யாரோ உனக்குத் தைரியம் கொடுத்திருக்கிறார்கள் என்று பேச்சு, அது யார், உனக்குத் துணை நின்றது யார். பியூலாவின் காதுக்குள் ஒரு சத்தம், குக்கர் விசிலுக்கு முன்னால் வருகிற அந்தச் சீறல். பாக்கியநாதன் கல்லூரி நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். ஜூனில் முதல்வர் ஓய்வுபெறுகிறார், அடுத்த மூப்பு பியூலாதான். இதெல்லாம் அப்போது நினைத்தாளா, அப்புறம் காரணமாகச் சேர்த்துக்கொண்டாளா. காரணம் இருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ரஞ்சிதம் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள், பியூலாவிடமும் வந்தாள், மற்றவர்களிடம் எவ்வளவு நேரம் நின்றாளோ அவ்வளவே நின்றாள், கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஒரு இமைகூட வித்தியாசமாக அசையவில்லை, தாண்டிப் போய்விட்டாள். "எனக்கு நானே துணை, ஐயா." சொல்லிவிட்டு வெளியே போனாள். அப்போதாவது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நான்தான் என்று, ஒரே சொல், முதலில் ஐயர் முடிக்கட்டும், பிறகு சொல்லலாம், தனியாகப் பார்த்துச் சொல்லலாம், அது இன்னும் பயனுள்ளதாக இருக்கும். அதற்குள் விலக்கிவைப்பதை ஒப்புக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். கைகள் எழுந்தன, வலதுபக்கம், எதிர்ப்பக்கம், பக்கத்தில் இருந்த கிருபாவதி டீச்சரின் கை, கண்ணாடி வளையல் சரிந்து விழும் சத்தம். பிறகு தன் கை மேலே இருப்பதைப் பியூலா பார்த்தாள். தூக்கின ஞாபகம் இல்லை. எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும் மடியில் இருந்த கை தெரிகிறது, மேலே இருந்த கை தெரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடுவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள், ராத்திரியும் பகலும், அதைக் கண்டுபிடித்தால் அந்த இடத்தில் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடலாம் என்பதுபோல. வீட்டில் எட்வினிடம் சொன்னாள். புருஷன் பேப்பரை இறக்கவில்லை. நீ ஒருத்தி தூக்காட்டா மட்டும் என்ன ஆயிரப்போகுது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதலை அவளும் வாங்கிக்கொண்டாள்.

முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள், பிளஸ்ஸி, கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். மேம், நாவலில் அந்தப் பெண்ணை மேடையில் நிறுத்தும்போது அத்தனை பேரும் கூடி நின்று பார்க்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூடவா நல்லவர் இல்லை? ஒருத்தருக்குக்கூடவா இது அநியாயம் என்று தோன்றவில்லை? யாரோ உஸ் என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் அதே சபைப் பிள்ளைகள், நேற்று எல்லோரும் கோவிலில் இருந்தவர்கள், கேட்டுவிட்டுத்தான் பிளஸ்ஸிக்கும் உறைத்தது, உட்காரவும் முடியாமல் நின்றாள். ஷெர்லின் தலையைத் தூக்கவில்லை. இது ஒரு கதவு என்று பியூலாவுக்குத் தெரிந்தது. யாரும் தள்ளாமல் தானாகத் திறந்த கதவு. இதில் நுழைந்து, பிள்ளைகளே, நான் ஒன்று சொல்கிறேன், புத்தகத்தில் இல்லாதது என்று ஆரம்பித்தால் போதும், மற்றது தானாக வரும். எத்தனை தடவை இந்த அறையில் இவர்களுக்குத் தைரியத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள். "இருந்திருப்பாங்க" என்றாள், தமிழில், அவளை அறியாமல். "நிறையப் பேருக்குத் தோணியிருக்கும். பேசியிருக்க மாட்டாங்க." பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, மௌனத்தையும் ஆசிரியர் ஒரு கருப்பொருளாகவே கையாளுகிறார், இதையும் குறித்துக்கொள்ளலாம் என்றாள். பேனாக்கள் ஓடின. ஷெர்லினும் எழுதினாள். நிதானமாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள். என்ன எழுதினாள், பேசியிருக்க மாட்டாங்க என்றா, அதைத் தமிழில் எழுதினாளா. பரீட்சையில் அதை எழுதுவாள், மதிப்பெண்ணும் கிடைக்கும், திருத்துகிறவள் பியூலாவாகக்கூட இருக்கலாம். அப்படித்தான் ஆகும் எல்லாம், கடைசியில் நல்ல பதில் என்று ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு டிக்.

அடுத்து அவனைப் பாதித்தவை. பழைய உருவகக் கதைகள், வேதாகமம், பிரசங்கங்கள். பிரசங்கம் எத்தனை மணி நேரம் நடக்கும் தெரியுமா அப்போதெல்லாம். நேற்றைய பிரசங்கம் சின்னதாகத்தான் இருந்தது, ஐயருக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. அறிவிப்புகளோடு அறிவிப்பாக வாசித்தார், பெண்கள் ஐக்கியக் கூட்டம், அசன விருந்துக்கு அரிசி கொடுக்கிறவர்கள், பிறகு இந்தத் தீர்மானம். ரஞ்சிதம் கடைசி பெஞ்சில் மகளோடு இருந்தாள். பெயர் வந்ததும் எழுந்து நின்றாள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது நிற்பதுபோல நேராக நின்றாள், வாசித்து முடிகிறவரை, ஐயர் கண்ணாடியை ஒருதடவை கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார், அதுவரையும் நின்றாள். முடிந்ததும் வேதப்புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மகளோடு வெளியே போனாள், செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும் சத்தம் உள்ளே கேட்டது, அவ்வளவு அமைதி. பாடகர் குழுவில் பியூலாவுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது, யாரோ நகர்ந்துவந்து அதை அடைத்தார்கள். பிறகு திருவிருந்து. போகாமல் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் ஏன் என்று பார்ப்பார்கள். வரிசை நகர்ந்தபோது அவளும் நகர்ந்தாள், பீடத்துக் கம்பியருகே முழங்காலிட்டாள், உள்ளங்கையை நீட்டினாள், வலது கைமேல் இடது கையை வைத்தாள், எப்போதும் வலதுதான் மேலே, நேற்று மாற்றி வைத்தாள். அப்பம் நாக்கில் கரையாமல் கிடந்தது. தண்டனை வருமா என்று காத்துக்கொண்டு முழங்காலிலேயே இருந்தாள், நெஞ்சு அடைக்கும், கண் இருட்டும், ஏதாவது. ஒன்றும் வரவில்லை. திராட்சை ரசம் இனிப்பாக இருந்தது. எழுந்து வந்து கடைசிப் பாட்டைப் பாடினாள், ஒரு சுரமும் தப்பவில்லை. அந்த எழுத்தாளன் கதைகளில் குற்றம் மனுஷனைச் சும்மா விடாது, உடம்பில் வந்து தெரியும், முகம் வாடும், ஆள் மெலிவான், கடைசியில் ஏதோ ஒரு உண்மை வாய்விட்டு வந்தே தீரும். அதைத்தான் அவளும் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தாள். அது பொய் என்று நேற்றுத் தெரிந்தது. ஒன்றும் வாய்விட்டு வராது. ஜூன் வரும், புது அறை, புது நாற்காலி, பியூலா மேடம் என்று எழுந்து நிற்பார்கள். ரஞ்சிதத்தின் பெயர் கொஞ்ச நாள் பேச்சில் இருக்கும், அப்புறம் அந்தப் பெண் என்றாகும், அப்புறம் அதுவும் போய்விடும்.

மணி அடித்தது. பெண்கள் சட்டென்று உயிர் வந்தவர்களாக எழுந்து பெஞ்சுகளை இடித்துக்கொண்டு வெளியே போனார்கள். பியூலா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிவிடலாம் என்று குடையைத் தேடினாள். ஷெர்லின் மேசையருகே வந்து நின்றாள். வருவாள் என்று தெரியும். என்ன கேட்டாலும் தகும், என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன், சொல்லும்மா, சத்தம்போட்டே சொல், எல்லோரும் வராந்தாவில்தான் நிற்கிறார்கள். அப்படிச் சத்தம் போட்டுவிட்டால்கூட ஒரு வழி பிறந்துவிடும் என்று மனசு அவசரமாகக் கெஞ்சியது, அதே சமயம் கண் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தது.

ஷெர்லின் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். பரீட்சை முடிந்ததும் கோவில்பட்டிக்கு வீடு மாற்றுகிறார்கள், அவருக்கு அங்கே வேலை இருக்கிறது என்றாள். அவர் என்றாள், அப்பா என்று சொல்ல இன்னும் பழகவில்லை.

"அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க, மேம்."

"சொல்லும்மா."

"நீங்க வீட்டுக்கு வருவீங்க, வரவேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. எதிர்வீட்டுல பாக்கியநாதன் சார் தங்கச்சிதான் இருக்காங்க, யாராவது பார்த்தா உங்களுக்குத்தான் கஷ்டம்னாங்க. அன்னைக்கு உங்க வீட்டுல சாப்பிட்டத நாங்க யாருகிட்டயும் சொல்லமாட்டோம். அவரும் சொல்லமாட்டாரு. நீங்க அத நெனச்சு பயந்துக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

அந்தப் பிள்ளையின் முகத்தில் எதையாவது தேடினாள், ஒரு ஏளனம், ஒரு கோபத்தின் ஓரம், பிடித்துக்கொள்ள ஏதாவது. ஒன்றும் இல்லை. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்து முடிக்கிற பிள்ளையின் கவனம்தான் இருந்தது. பியூலா வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. ரஞ்சிதம் நினைத்திருக்கிறாள், அக்கா வருவாள் என்று, வந்தால் அக்காவுக்கு என்ன ஆகும் என்று அதற்கு மேலும் ஒருபடி போய் யோசித்திருக்கிறாள். சொல்லவேண்டியது நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கிறது, வாயைத் திறந்தால் போதும், என்ன வேண்டுமானாலும் வரட்டும். வாயைத் திறந்தாள்.

"சரிம்மா" என்றாள். "நல்லாப் படி."

ஷெர்லின் தலையாட்டிவிட்டுப் போனாள். வராந்தாவில் பிளஸ்ஸி அவளுக்காகக் காத்திருந்ததும், இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் படியிறங்கியதும் தெரிந்தது. பியூலா காலியான வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லமாட்டார்கள். மூன்று பேரும் சொல்லமாட்டார்கள், கோவில்பட்டிக்குப் போய்விடுவார்கள். தோளிலிருந்த கனம் மெதுவாக இறங்குவதை அவள் அசையாமல் கவனித்தாள், போகாதே என்று சொல்ல நினைத்தாள், அது போய்க்கொண்டேதான் இருந்தது. மூச்சு நன்றாக உள்ளே போயிற்று. வெளியே யாரோ சிரித்தார்கள், கேன்டீன் பக்கமிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது, அவளுக்குப் பசித்தது.